எப்போதும் ரகுவை நிறுத்தும் புரோகிராம்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலையின் சரக்கு அனுப்பும் மென்பொருளை ரகுவும் நானும் சேர்ந்து எழுதினோம். பில் போடும் புரோகிராமுக்கு ஜெபா என்று என் பெயரையே வைத்தோம். லேபிள் அடிப்பதற்கு அவன் பெயர்.

சில நாள் பில்லு எடை மெஷினைப் பிடித்துக்கொண்டு பிரிண்டருக்குக் காத்திருக்கும். லேபிளோ பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு எடை மெஷினுக்குக் காத்திருக்கும். இரண்டும் விடாது. வெளியே லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்துவார்கள். அதற்காக ரகு படம் போடும் ஒரு புரோகிராம் எழுதினான். காத்திருப்பவருக்கு வட்டம், பொருளுக்குச் சதுரம், நடுவே அம்புக்குறிகள். அம்புகளைத் தொடர்ந்து போய்க் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டால் முடிச்சு விழுந்துவிட்டது என்று அர்த்தம். யாராவது ஒருவரை நிறுத்தியாக வேண்டும். அது எப்போதும் ரகுவைத்தான் நிறுத்தும்.

"என்னை ஒரு தபா நிறுத்தினா இன்னாடா?" என்று கேட்பேன்.

"பில்லு பாதில நின்னா பேஜாரு. லேபிள்தானே, திரும்ப அடிச்சிக்கலாம்."

காலையில் கடம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி நான் இரண்டு சீட்டு பிடிப்பேன். வேப்பம்பட்டில் அவன் இட்லிப் பொட்டலத்தோடு ஏறுவான். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்வரை வாய் ஓயாது. அந்தக் காலைகளைப் போல எனக்கு வேறெதுவும் வாய்க்கவில்லை.

ஐந்து வருடம் முன்பு, ஒரு ஆள் போதும், யாரென்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார் மேலாளர் சேகர். உனக்கு வேறு வேலை கிடைக்காமல் நான் நகரமாட்டேன் என்றேன். அவனும் அதையே சொன்னான். மூன்று வாரம் போனது. ஒருநாள் இட்லி கட்டிய பேப்பரில் இரண்டு வட்டம் போட்டு அம்பு இழுத்தான்.

"சுத்திக்கினு அங்கயே வந்துடுச்சி, பாத்தியா?"

மறுநாள் வேப்பம்பட்டில் அவன் ஏறவில்லை. முந்தைய நாளே ராஜினாமா கொடுத்திருந்தான். என் மகள் பிறந்து அப்போது இருபது நாள். போன் செய்தேன்.

"நான் லேபிள்டா. திரும்ப அடிச்சிக்கலாம்."

என்னைக் கேட்காமல் எப்படிப் போகலாம் என்று கத்திவிட்டு வைத்தேன். அவனே கூப்பிடட்டும் என்று இருந்தேன். அவனும் அப்படியே இருந்திருப்பான். வட்டமும் அம்பும் போட்டுச் சோறு தின்கிற எனக்கு இது உறைக்க ஐந்து வருடமா?

இன்று காலை சேகர் கூப்பிட்டார். "இன்னொரு ஆள் வேணும்பா. சாயங்காலத்துக்குள்ள பேரு சொல்லு, இல்லாட்டி ஏஜென்சில கேட்டுடுவேன்."

சீட்டில் வந்து உட்கார்ந்து, முதலில் புரோகிராமைத் திறந்தேன். நிறுத்த வேண்டிய பெயர் இருந்த இடத்தில் ரகுவை அழித்து ஜெபா என்று போட்டேன். பிறகு போனை எடுத்தேன்.

"ரகு, ஜெபாடா. நான் பிடிச்சிக்கினு இருந்ததை விட்டுட்டேன். நீ நகரு."

அவன் முதலில் கேட்டது என் மகளைப் பற்றி.

"பாப்பா ஸ்கூலு போவுதா?"

"யுகேஜி."

வேலையைப் பற்றிச் சொன்னேன். வருவியா என்று கேட்டேன்.

"வரலாம். ஆனா வேப்பம்பட்டுல ஏறுனா இப்போ சீட்டு ஏது? நின்னுக்கினே வரணும்."

"அஞ்சு வருசமா வேப்பம்பட்டு தாண்டுற வரைக்கும் பக்கத்து சீட்டுல பையை வெச்சிக்கினு வரேன்டா. எவ்ளோ பேர்கிட்ட திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா?"

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.