நேபோ மலையில் ஒரு கொடிமரம்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. மாத்தளை ஸ்டேஷனில் ரயில் ஏறி உக்குவளையில் இறங்குவதற்குள் என் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்தது. சீட்டுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இதில் வரும் இரண்டு பெண்களுக்கும் முகம் கிடையாது. எனக்கு எப்போதும் பேச்சுதான் முதலில் கேட்கும். ஆளும் இடமும் பிறகு வந்து சேரும். சில சமயம் வராமலே போகும். வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிறவளுக்கு, பேச்சு எங்கிருந்து வந்தாலும் காது போய் ஒட்டிக்கொள்கிறது.

முதலில் கேட்டது இது:

“அண்ணி, ஒங்க பேரையும் குடுத்துட்டேன்.”

“எதுக்குடி?”

“யாத்திரைக்கு. கோயில்லேர்ந்து இருபத்திரெண்டு பேரு போறோம். சண்டையால ஜெருசலேம் பக்கம் இல்லயாம், ஜோர்தான் மட்டுந்தான். நேபோ மலையில நின்னு அந்தப் பக்கத்தப் பாத்துட்டு வரவேண்டியதுதான்.”

“மோசே மாதிரி.”

“மோசேக்காவது கடவுள் நேர்ல சொன்னாரு. நமக்கு பாதர் மைக்குல சொல்லிட்டாரு.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு சின்னவள் சொன்னாள்: “அண்ணனுக்காக நீங்க மெழுகுதிரி கொளுத்துனீங்கள்ல, கொடிமரத்துக்கிட்ட? அதே எடத்துல நானும் ஒண்ணு கொளுத்தணும். நீங்கதான் காட்டணும்.”

அண்ணி பதில் சொல்லவில்லை.

நேபோவில் கொடிமரம் கிடையாது.*

2

அந்த மௌனத்தில்தான் கதை இருக்கிறது என்று பட்டது. அண்ணிக்குப் பிலோமி என்றும் மற்றவளுக்கு ரஜனி என்றும் பெயர் வைத்தேன். பிலோமி ஜோர்தானில் வீட்டு வேலை செய்தவள், அது பேச்சில் வந்தது. இனி வருவது என் கற்பனை.

பதினொரு வருடங்கள் மாதபா என்ற ஊரில்— (வேண்டாம். மனு எழுதுவது போலிருக்கிறது.)

மாடியில் துணி காயப்போடும்போது பிலோமிக்கு மேற்கே ஒரு மேடு தெரியும். மரமில்லாத, ரொட்டி நிறத்து மேடு. அதுதான் நேபோ என்று வீட்டு மேடம் ஒருநாள் கையை நீட்டிக் காட்டினாள். வாக்களித்த தேசத்தை முழுக்கக் காட்டிவிட்டு, நீ மட்டும் அங்கே போகமாட்டாய் என்று கடவுள் மோசேயிடம் சொன்ன மலை. மோசே மலையில் நின்று தேசத்தைப் பார்த்தார். பிலோமி மாடியில் நின்று மலையைப் பார்த்தாள். பாஸ்போர்ட் மேடத்தின் அலமாரியில் இருந்தது.

ஊரில் கணவன் அருளப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். லீவு இல்லை என்றுவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை போனில்:

“மலைக்குப் போனியா பிலோமி?”

“போனேங்க. ஒங்க பேருல மெழுகுதிரி கொளுத்துனேன்.”

“எப்படி இருக்கு?”

எப்படி இருக்கும்? அவள் கண்டிருந்த யாத்திரைத் தலம் ஒன்றே ஒன்று. வஹாகோட்டை அந்தோனியார் கோயில். ஜூன் மாதத் திருநாளுக்குக் கலேவெல பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு, வருடம் தவறாமல் இருவரும் போய்வந்தது. அதைப் பெயர்த்தெடுத்து நேபோவின்மேல் வைத்தாள்.

“பெரிய கொடிமரங்க. கொடி ஏத்தியிருக்காங்க. மெழுகுதிரி வைக்கிற எடத்துல கிட்டப் போக முடியல, அவ்வளவு சூடு. வெளியில வளையல் கடை, கடலைக்காரங்க...”

“கடலைக்காரங்களுமா?”

“ஆமாங்க.”

“நல்லது பிலோமி” என்றான். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான்.

* நானும் போனதில்லை, படத்தில் பார்த்ததுதான். அங்கே நிற்பது பாம்பு சுற்றிய உயரமான உலோகத் தூண். பாம்பு கடித்தவர்கள் பிழைப்பதற்காக மோசே தூக்கி நிறுத்திய வெண்கலப் பாம்பின் நினைவு. ஏறிட்டுப் பார்த்தாலே போதும், பிழைத்தார்களாம். தொடவேண்டியதில்லை.

3

முடிவுகள்.

அ) பிலோமி யாத்திரை போகிறாள். பாம்புத் தூணைக் காட்டுகிறாள்.

“இதுதான்டி.”

“கொடி எங்க அண்ணி?”

“திருநாள் முடிஞ்சா எறக்கிருவாங்க.”

எழுதியபோது சிரித்தேன். மறுநாள் காலையில் வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. செத்துப்போனவனிடம் சொன்ன பொய்க்கு அவள் இன்னொரு முட்டுக் கொடுக்கிறாள்.

ஆ) அருளப்பனுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டுத் தங்கச்சியிடம் சொல்லியிருப்பான்: “ஒங்க அண்ணி வஹாகோட்டையத்தான் சொல்றா. பாவம், அவள வெளியிலயே விடல போல.” ரஜனி இத்தனை நாளும் அதை வாய்விடாமல் வைத்திருக்கிறாள். பேர் கொடுத்ததே அண்ணி ஒரு தடவையாவது நிஜமாக மலையேறட்டும் என்றுதான்.

இது எனக்குப் பிடித்த முடிவு. பிடித்திருப்பதால்தான் சந்தேகமாக இருக்கிறது. ரஜனியை நான் இவ்வளவு நல்லவளாக்குவது யாருக்காக? எனக்கு அப்படி ஒரு நாத்தனார்— (விட்டுவிடுகிறேன்.)

4

உண்மையில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். உக்குவளைக்குக் கிட்ட வண்டி வேகம் குறைந்தது. ரஜனி கேட்டாள்:

“அண்ணி, அங்க கடலைக்காரங்ககூட இருந்தாங்கன்னு அண்ணன் சொன்னுச்சு. நெசமா?”

அந்தக் கடலைக்காரர்களை நான் கற்பனை செய்யவில்லை. இங்கேயிருந்துதான் எடுத்தேன். கேட்ட குரலில் கேலியா, வேவு பார்ப்பதா, இரக்கமா, ஒன்றும் பிடிபடவில்லை. முகம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிலோமி மூச்சை இழுத்தாள். பேசப்போகிறவளின் மூச்சு அது. வண்டி நின்றது.

இறங்காமல் அடுத்த ஸ்டேஷன்வரை உட்கார்ந்திருக்கலாம். டிக்கெட் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வீட்டில் எனக்காகக் காத்திருப்பவர் ஒருவருமில்லை. ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர்களின் ஜன்னல் கடந்து போனபோது, செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்துகொண்டேன்.

கதவைத் திறந்து, பையை மேசைமேல் வைத்து, நின்றேன். அன்று என் வீட்டில் பேசப்பட்டது இரண்டே வாக்கியங்கள். இரண்டையும் நான்தான் உரக்கச் சொன்னேன்.

“சொல்லிரு பிலோமி.”

“வேணாம், சொல்லாத.”

எதை முதலில் சொன்னேன், எதைக் கடைசியாகச் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. உங்கள் காதில் விழுந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.