எம்பத்திநாலு சுத்து

இந்தக் காலத்துல ரேக்ளா பாக்க வர்றவன் மாட்டைப் பாக்கறதே இல்லைங்க. போனைத் தூக்கிப் புடிச்சு அதுக்குள்ளதான் பாக்கறான். அதனாலதான் பொள்ளாச்சிப் பக்கம் நடந்த பந்தயத்துல கோடு நகந்ததை ஒருத்தனும் கவனிக்கல.

வண்டிக ஒவ்வொண்ணாத் தனியா ஓடோணும். இருநூறு மீட்டர். யாருக்கு நேரம் கம்மியோ அவனுக்குக் கப்பு. காலையில வரதராஜுலு வண்டிக்குப் பதினாறரை நொடி. கடைசியா என் காளைக பறந்துச்சுக. மைக்குல பதினேழுன்னான்! என் மாட்டு ஓட்டம் எனக்குத் தெரியாதா? குளம்படியில அழிஞ்ச எல்லைச் சுண்ணாம்புக் கோட்டை, என் வண்டிக்கு முன்னாலதான் மறுக்காப் போட்டானுக. தூரமாத் தள்ளிப் போட்டிருக்கான்னு கத்தினேன்.

"அங்கப்பண்ணா, தோத்தா ஒத்துக்கோணுமுங்க," வரதராஜுலு சிரிச்சான்.

காலையில தடம் அளந்த ஆளு டேப்போட ஊருக்குப் போயிட்டான். பந்தல்காரன்கிட்ட இருந்தது துணி அளக்கற டேப்பு, தடத்துக்குப் பத்தாது. அதை வாங்கிட்டு வரதராஜுலு மக பூஜிதா வந்துச்சு. கணக்கு டீச்சர்.

"ஏனுங்க அய்யா, உங்க சக்கரமே சொல்லிப்போடுமுங்க."

சக்கரத்தைச் சுத்தி டேப்பு ஓட்டுச்சு. ரெண்டரை மீட்டர். "எம்பது சுத்துல கோட்டைத் தொடோணுமுங்க."

ஆரக்கால்ல செவப்பு ரிப்பன் கட்டி, பொறப்படற எடத்துல இருந்து வண்டியைத் தள்ளினோம். ரிப்பன் தரைக்கு வாரப்பெல்லாம் கூட்டமே எண்ணுது. எழுபத்தொம்பது! எம்பது! கோடு இன்னும் வரல. எம்பத்திநாலுலதான் தொட்டுச்சு. விசில் காதைப் பொளந்துது.

"பத்து மீட்டர் சாஸ்திங்க!"

எதிராளி மக எனக்கு எதுக்குப் பரிஞ்சு பேசோணும்? "உங்கப்பன் வண்டியையும் உருட்டு அம்மணி."

அது எழுபதுலயே தொட்டுச்சு.

"பாத்தீங்களா! ஒரே தடத்துக்கு ரெண்டு கணக்கா? மோசடி!"ன்னு குதிச்சேன்.

"அப்பா சக்கரம் பெருசுங்க. சுத்துக்கு மூணு மீட்டர். எழுபது சுத்துன்னா அதுவும் இருநூத்திப் பத்துதானுங்க."

வரதராஜுலு மூஞ்சி சுருங்கிப்போச்சு. "நீ எந்தப் பக்கம் கண்ணு?"

"கோட்டுப் பக்கமுங்கப்பா."

என் சக்கரத்துல நாலு சுத்து கிட்ட நகத்திக் கோடு போட்டாங்க. மாட்டுக்கு மூச்சு வாங்க நேரம் குடுத்து மறுக்கா ஏறினேன். ஹேய்ய்! புழுதியில எனக்கு ஒண்ணும் தெரியல. மைக்கு மட்டும் கேட்டுச்சு: பதினாறே கால்! எறங்கினதுமே கூட்டம் என்னைத் தோள்ல தூக்கிப்போட்டுது.

கப்பு வாங்கறப்ப அந்தப் புள்ள கேட்டுச்சு, "இப்பவாச்சும் நம்பறீங்களா?"

"மாட்டை நம்பறேன் அம்மணி. எம்பத்திநாலும் எழுபதும் ஒண்ணுங்கறியே, அதை உன் பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லு."

கப்பைக் கக்கத்துல இடுக்கி, மாட்டைப் புடிச்சுட்டு நடந்துட்டேன்.