நடுவுல நின்ன அஞ்சு பேர்

ரெண்டு பேரையும் புடிக்கலன்னா நீங்க யாருக்கு ஓட்டுப் போடுவீங்க? எங்க சலவை ஆலையில அறுபத்து மூணு பேர் இதுக்காக ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டோம்.

ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடம். நான் இஸ்திரி மெஷின்ல விரிப்பை நுழைக்கிறவன். ஊரை விட்டு வந்து நாலு வருஷம் ஆச்சு. மத்தியானம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சுக்கிறது துணி மடிக்கிற அக்காவும் அவங்க வீட்டுக்காரர் பாய்லர் அண்ணனும்தான். அந்த வாரம் அவங்களுக்கு நடுவுல உக்காந்து ஒரு வாய் நிம்மதியா திங்க முடியல.

சங்கச் செயலாளர் தேர்தல். எப்பவும் ரெண்டே அணிதான். ஒரு பக்கம் ஆறு வருஷமா நாற்காலியை விடாத தூங்குமூஞ்சி. இன்னொரு பக்கம் கத்திரி. எதைப் பாத்தாலும் வெட்டணும்னு கை அரிக்கும், அதனால அந்தப் பேரு. நான் ஜெயிச்சு வந்ததும் விடிகாலை ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏத்திட்டு வர்ற வேனை நிறுத்திக்கோங்க, பதிலுக்கு கேன்டீன்ல பெரிய டிவி வையுங்கன்னு மேனேஜர்கிட்ட பேசி முடிச்சிருந்தாரு. அக்கா வீடு ஒம்பது கிலோமீட்டர் தள்ளி. முட்டி வலி வேற. அந்நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது. பாய்லரைப் பத்த வைக்க அண்ணன் அதுக்கும் முன்னாடியே சைக்கிள்ல கிளம்பிடுவாரு. வேன் நின்னா அக்கா வேலையும் நின்ன மாதிரிதான்.

தூங்குமூஞ்சி வந்தா வேன் ஓடும்னு அக்கா சொன்னாங்க. அவர் எதையுமே செய்யமாட்டாரு, அதனால வேனை நிறுத்துற வேலையையும் செய்யமாட்டாராம்.

அண்ணனுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். பாய்லர் ரூம் ஃபேன் நின்னு ரெண்டு வருஷம். மூணு மனு குடுத்தாச்சு, மூணும் அந்தாளு தலைமாட்டுலதான் கிடக்குதுன்னாரு. ரெண்டு பேருக்கும் கிடையாது, வெத்துச் சீட்டுதான்னு ஒத்தக்கால்ல நின்னாரு.

"உங்களுக்குக் கோவம் போகணும், எனக்கு வேன் வரணும். எது பெருசு?"

"நம்ம ஓட்டு எப்படியும் வந்துடும்னு தெரிஞ்சுதான் அந்தாளு தூங்குறான். வராம போகும்னு ஒரு தடவையாவது தெரியட்டும்."

நான் அக்காகிட்ட வேனுக்குத்தான்னு தலையாட்டிட்டு, போய் வெத்துச் சீட்டு போட்டேன்.

எங்களுக்கு ஓட்டுப்பெட்டி கிடையாது, துணிப்பைதான். அந்தத் தடவை ஓட்டு வாங்கின டைம்கீப்பர் வேலைக்குப் புதுசு. யாரும் கை வைக்கக்கூடாதுன்னு பை வாயை சிவப்பு நாடாவால இறுக்கிக் கட்டிட்டாரு. எங்ககிட்ட சிவப்பு நாடான்னா தொத்து வார்டுத் துணி. பிரிக்காம அப்படியே கொதிதண்ணி மெஷின்ல போடணும். மெஷின்காரர் இருபது வருஷமா செய்யறதை அன்னைக்கும் செஞ்சாரு. மூணு அலசல் முடிஞ்சு பிரிச்சா உள்ள காகிதக் கூழ்.

ரெண்டு கட்சியும் இவ்வளவு சுத்தமா இருந்து நான் பாத்ததே இல்லன்னு மெஷின்காரர் சொல்ல, மடிக்கிற மேஜை மேலயே விழுந்து சிரிச்சாங்க. டைம்கீப்பர் மட்டும் அழற மாதிரி நின்னாரு.

வேற சீட்டு அடிக்க நேரமில்ல. தூங்குமூஞ்சி ஆளுங்க ஜன்னல் பக்கம், கத்திரி ஆளுங்க கதவுப் பக்கம் நில்லுங்கன்னாங்க. இருபத்தொம்பது, இருபத்தொம்பது. நடுவுல அஞ்சு பேர். அண்ணன், பாய்லர் உதவிக்கு ரெண்டு பேர், ஸ்டீம் பிரஸ் அம்மா, நான்.

ஜன்னல்கிட்ட இருந்து அக்கா என்னைப் பாத்தாங்க. "தம்பி, இதான் நீ வேனுக்குப் போட்ட லட்சணமா?" எனக்குத் தரையைப் பாக்கத்தான் தோணுச்சு. அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினாங்க. "நீங்க அங்கயே நில்லுங்க. சாப்பாடும் அங்கயே வருதான்னு பாப்போம்."

எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணனுக்கே சிரிப்பு வந்துருச்சு, ஆனா நகரல.

கத்திரி அங்கிருந்தே டிவி சைஸை ஏத்திக்கிட்டே போனாரு. தூங்குமூஞ்சி முதல்ல அக்காவைப் பாத்தாரு, அப்புறம் எங்களை எண்ணினாரு. ரெண்டு தடவை எண்ணினாரு. ஆறு வருஷத்துல அவர் இப்படி முழிச்சு நாங்க பாத்ததில்ல. ஜன்னலை விட்டு நடந்து வந்து, உனக்கு என்னப்பா வேணும்னு அண்ணன்கிட்ட கேட்டாரு.

"எழுதிக் குடுங்க. வேன் நிக்காது, ஃபேன் ஒரு மாசத்துல ஓடும். இல்லன்னா நாற்காலியை விட்டு நீங்களே எழுந்து போயிடணும்."

துணிக் கணக்கு எழுதுற சீட்டுக்குப் பின்னாடி எழுதி, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி அவரே வாசிச்சுக் கையெழுத்துப் போட்டாரு. அண்ணன் அதை மடிச்சு அக்கா கையில குடுத்துட்டு அவங்க பக்கத்துல போய் நின்னாரு. நாங்க மூணு பேரும் பின்னாடியே போனோம். அக்கா என் தலையில நங்குன்னு ஒரு குட்டு வச்சாங்க. நாலு வருஷத்துல என்னைத் தொட்டு யாரும் உரிமையா திட்டினதில்ல. அது வலிக்கவே இல்ல.

ஸ்டீம் பிரஸ் அம்மா மட்டும் அசையல. எனக்கு இன்னும் ரெண்டு பேரையும் புடிக்கலன்னாங்க. அதுக்குத்தான் அன்னைக்கு ரொம்ப கைதட்டு.

மறுநாள் காலையில வேன் பத்து நிமிஷம் லேட்டா வந்தது. அக்கா ஏறி உக்காந்தாங்க. பாய்லர் ரூம் ஃபேன் இன்னும் ஓடல.