ஓடையைத் தாண்டும் புள்ளி

மிளகுக் கொடி சுற்றிய மரத்தடியில் நின்று ஆரோக்கியமேரி போனை வானத்துக்குக் காட்டினாள். இலைகள் சிக்னலுக்கு இடம் கொடுக்கவில்லை. அவள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி, தோட்டத்துக்கும் ஓடைக்கு அப்பாலிருந்த சோலைக்காட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தது.

செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கொல்லிமலைக் காடுகளை வகை பிரித்து நிறம் தீட்டியது அவள்தான். மேலிருந்து பார்த்தால் பலாவும் சில்வர் ஓக்கும் அடர்ந்த இந்தத் தோட்டமும் அந்தச் சோலையும் ஒரே கரும்பச்சை. இரண்டையும் காடு என்றே தீட்டியிருந்தாள். தீட்டிய படம் சரிதானா என்று நேரில் பார்த்துப் பதிய வேண்டிய இடங்களில் இதுதான் கடைசி. ஏற்கெனவே பல இடங்கள் தப்பாகிவிட்டன. இதுவும் தப்பென்றால் எல்லாம் முதலிலிருந்து. திண்டுக்கல்லில் அம்மாவிடம் விட்டுவந்த மகள் இப்போதெல்லாம் போனில் பேச வருவதில்லை. முதலிலிருந்து என்றால் இன்னொரு வருடம்.

"ஏனுங்க டீச்சர், மேல இருந்து பாத்தா எங்க ஊடு தெரியுதுங்களா?" என்றாள் தோட்டக்காரி அம்சவேணி. கீழேயிருந்து வேலைக்கு வரும் பெண்கள் எல்லோருமே அவளுக்கு டீச்சர்தான்.

"தெரியலைங்க. மரம் மறைக்குது."

"அது சரி. எங்கூட்டுக்காரரு தேடுனாலே நான் கெடைக்கறதில்லீங்க, இதுக்குள்ள." சிரித்தவள் கொஞ்சம் நெருங்கி வந்தாள். "புதுப் படத்துல தோட்டம்னு வந்தாத்தான் கரண்டுக் கம்பம் நடுவாங்களாம். நீங்கதான் கண்ணால பாத்துட்டீங்களே, இனி என்னங்க."

ஆரோக்கியமேரி குனிந்து திரையைப் பார்த்தாள். கொடியிலிருந்து நீர் சொட்டியது.

"ஏன் கண்ணு, மொகம் வாடிப்போச்சு?"

புள்ளி ஓடையைத் தாண்டியது. சோலைக்குள் போய் அசையாமல் நின்றது. பதியலாமா என்று திரை கேட்டது. புள்ளி அங்கே நிற்கும்போதே காடு என்று அமுக்கினால், பொய்யென்று யாராலும் சொல்ல முடியாது. படம் தேறிவிடும். தோட்டம் காடாகவே இருந்துவிடும். நாலு எட்டு வைத்து வெட்டவெளிக்குப் போனால் புள்ளி இந்தப் பக்கம் வந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். கால் எழவில்லை.

போன் தன் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்ட அம்சவேணி போட்டோ என்று நினைத்துவிட்டாள்.

"இருங்க, இருங்க." அரிவாளைக் கீழே போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மிளகுக் கொடியை ஒட்டி நேராக நின்றாள். சிரிக்கவில்லை. இமைக்கவுமில்லை.

ஆரோக்கியமேரியின் கட்டைவிரல் திரைக்கு மேல் அப்படியே நின்றது.

"ஆச்சுங்களா?" என்றாள் அம்சவேணி, உதடு அசையாமல்.