வெளியே மட்டும் பூட்டு

அந்த மின்சார வண்டி அழகப்ப ஆசாரியின் பட்டறைக்கு வந்தபோது அதன் தட்டுப் பலகையில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

சிராங்கூன் சாலையில் ட்ராம் ஓடத் தொடங்கி எட்டு வருஷம் ஆகியிருந்தாலும், பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டி அங்கே அது ஒன்றுதான். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பட்டு வியாபாரி அஹமது கபீர் அதை வாங்கியிருந்தார். சின்ன வண்டி. முன்னால் ஓட்டுபவருக்கு ஓர் இருக்கை, பின்னால் திறந்த தட்டு. தட்டுக்கு அடியில் திராவகம் நிரப்பிய பேட்டரிகள் வரிசையாக இருந்தன.

திறந்த தட்டுதான் வினையாகப் போயிற்று. முந்தின வாரம் துறைமுகத்திலிருந்து பட்டு ஏற்றி வருகையில், பட்டப்பகலில் ஆறு பேர் ஓடிவந்து தட்டில் தாவினார்கள். காவலுக்கு உட்கார்ந்திருந்த இப்ராஹீம் ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இடது கையில் இரண்டு விரல்களை வெட்டிய பிறகுதான் அவர்களால் அதைப் பறிக்க முடிந்தது.

"ஆசாரி, இதைக் கூண்டு வண்டியா மாத்திக் குடுங்க" என்றார் கபீர். "நாலு பக்கமும் இரும்புத் தகடு. மேலயும் இரும்பு. பின்னால ஒரே கதவு."

அழகப்பன் குனிந்து சக்கரங்களையும் அச்சையும் பார்த்தார். குதிரை வண்டிகளுக்குக் கூண்டு கட்டியே இருபது வருஷம் கழித்தவர். "இரும்பு வேணாம், முதலாளி. மேல்பாரம் தாங்காது, சாஞ்சிடும். மெராந்தி மரத்துல சட்டம் போட்டு மெல்லிசா துத்தநாகத் தகடு அடிச்சுத் தர்றேன்."

"துத்தநாகத்தக் கத்தியாலயே கிழிச்சிடுவான். இரும்புதான்."

ஆசாரி தலையாட்டினார். கபீர் நல்ல வாடிக்கையாளர். வேலையும் புதுமாதிரியானது. மின்சார வண்டிக்குக் கூண்டு கட்டிய முதல் ஆசாரி என்று பெயர் வரும் என்கிற ஆசையும் அவருக்கு இருந்தது.

ஒன்பது நாள் வேலை நடந்தது. கையில் கட்டுடன் இப்ராஹீம் தினமும் வந்து உட்கார்ந்து பார்ப்பான். நாகப்பட்டினத்துக்காரன், முப்பது வயது, வாட்டசாட்டமான ஆள். இனி கூண்டுக்குள்ளே மூட்டைகளோடு போகப் போகிறவன் அவன்தான். கதவு மாட்டும் நாளன்று கேட்டான்.

"அண்ணே, உள்பக்கம் தாழ்ப்பாள் எங்க?"

ஆசாரி கபீரைப் பார்த்தார்.

"உள்ள தாழ்ப்பாள் கிடையாது" என்றார் கபீர். "வெளிய பூட்டு, சாவி ஒண்ணு துறைமுகத்துல நம்ம கணக்கப்பிள்ளைகிட்ட, ஒண்ணு கடையில எங்கிட்ட. வழியில எவனும் திறக்க முடியாது."

"நான் உள்ள இருப்பேனே, முதலாளி?"

"அதுக்குத்தான் சொல்றேன். சிவமணி கழுத்துல கத்திய வச்சு மிரட்டினா நீயே திறந்து விட்டுடுவ. அவன் உன் கூட்டாளில்ல."

சிவமணி என்பவன் வண்டியோட்டி, முன்பு ட்ராமில் வேலை பார்த்தவன். சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முதலாளி, ஆள் இருக்கிற பெட்டிக்கு உள்தாழ் இல்லாம நான் செஞ்சதில்ல" என்றார் அழகப்பன்.

"ஆள் ஏறுற வண்டியா இது? சரக்கு வண்டி. உங்களால முடியாதுன்னா பெண்டிமியர்ல சீனத் தச்சன் இருக்கான்."

ஆசாரி வேலைக்குத் திரும்பினார். காற்றுக்காகக் கூரை ஓரத்தில் நாலு துளை மட்டும் போட்டார். இப்ராஹீம் அந்தத் துளைகளை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றது அவர் மனத்தை என்னவோ செய்தது. ஆனாலும் கதவை மாட்டி, வெளியே மட்டும் கொண்டி வைத்து முடித்துவிட்டார்.

முதல் ஓட்டத்தில் ஆணி தளர்கிறதா, சட்டம் முனகுகிறதா என்று கேட்டுப் பார்க்க ஆசாரி கருவிப் பையோடு சிவமணி பக்கத்தில் ஏறிக்கொண்டார். துறைமுகத்தில் மூட்டைகளை ஏற்றினார்கள். இப்ராஹீம் உள்ளே போனான். கணக்கப்பிள்ளை பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ரோச்சோர் கால்வாய்க் கரைக்கு வரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பாலத்துக்கு முன்னால் ஒரு மாட்டு வண்டி குறுக்கே நின்றது. சிவமணி வேகத்தைக் குறைத்தான். மாட்டு வண்டிக்குப் பின்னாலிருந்து கொள்ளையர்கள் வந்தார்கள். ஏழு பேர். இரும்புக் கம்பியும் பாராங் கத்தியும் வைத்திருந்தார்கள்.

"பிடிச்சுக்குங்க!" என்று கத்திய சிவமணி வண்டியைக் கரையோரமாக ஒடித்தான். மாட்டு வண்டியைத் தாண்டியிருக்கலாம். ஆனால் மேலே இருந்த இரும்பின் கனம் வண்டியை இழுத்தது. இடது சக்கரம் ஓரத்துச் சாக்கடையில் இறங்க, கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே தரையில் மோதி விழுந்தது. அடித்தட்டில் பேட்டரிகள் நொறுங்கும் சத்தம் பானைக் கடை சரிந்ததுபோல் கேட்டது.

அழகப்பன் சாலையில் போய் விழுந்தார். எழுவதற்குள் முதுகில் கம்பியால் ஓர் அடி. சிவமணியை இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்து இழுத்து, முகத்தைப் பாலத்துக் கல்லில் மோதினார்கள். மூன்றாவது மோதலில் அவன் உடம்பு தொய்ந்துவிட்டது. மஞ்சள் துண்டு கட்டிய ஒருவன், தலைவன்போல் இருந்தான், பூட்டைக் கம்பியால் அடித்துப் பார்த்தான். பூட்டு அசையவில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து அலறல் வந்தது.

"எரியுது! அல்லாவே, எரியுது! திறங்க!"

சாய்ந்த வண்டியின் பேட்டரித் திராவகம் தட்டுப் பலகையின் இடுக்கு வழியே உள்ளே ஒழுகுகிறது என்று ஆசாரிக்குப் புரிந்தது. அந்தப் பலகைகளை இழைத்துப் பொருத்தியவர் அவர்தான். நெடி மூக்கைத் துளைத்தது. உள்ளே இப்ராஹீம் தகட்டில் மோதும் சத்தம் தடதடவென்று கேட்டது.

அழகப்பன் பையிலிருந்து வாய்ச்சியை உருவிக்கொண்டு கதவை நோக்கி ஓடினார். ஒருவன் பாராங்கோடு குறுக்கே வந்தான். கத்தி அவர் தோளைக் கிழித்தது. ஆசாரி நின்று பார்க்கவில்லை. மரத்தில் இறக்குவதைப்போல வாய்ச்சியை அவன் முழங்கையில் இறக்கினார். எலும்பு பிளந்தது அவர் கைப்பிடிக்கே தெரிந்தது. அவன் கத்தி சாலையில் விழ, அவனும் விழுந்து புரண்டான்.

மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மஞ்சள் துண்டுக்காரன் கம்பியை ஓங்கினான்.

"உள்ளே ஆள் இருக்கிறான்! சாகிறான்! சாவி என்னிடம் இல்லை. இதைச் செய்தவன் நான்தான், எங்கே உடையும் என்று எனக்குத் தெரியும். விடு, திறக்கிறேன்!" என்று மலாயில் கத்தினார் ஆசாரி.

அவன் அவரைப் பார்த்தான். உள்ளேயிருந்து வந்த அலறலைக் கேட்டான். கம்பியை இறக்கி, திறக்கச் சொல்லி "புக்கா" என்றான். "சீக்கிரம் புக்கா!"

கீல் சட்டத்தில் இரும்பில்லாத இடம் ஒன்று இருந்தது, ஒரு சாண் அகலம். ஆசாரி அங்கே வெட்டினார். தோளிலிருந்து இரத்தம் கைக்கு வழிந்து பிடி வழுக்கியது. மஞ்சள் துண்டுக்காரனே தன் கம்பியைக் கீலுக்கு அடியில் செருகி நெம்பினான். இருவரும் மூச்சு முட்டத் தள்ள, கதவு பிய்ந்து வந்தது.

இப்ராஹீம் பட்டு மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தான். அழகப்பன் அவன் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து, சரிவில் உருட்டிக் கொண்டுபோய்க் கால்வாய்த் தண்ணீரில் முக்கினார். முதுகில் சட்டை இல்லை, தோலும் இல்லை. வலது கண் பால்போல் வெளுத்திருந்தது. மேலே கரையில் அவர்கள் மூட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றுவதை ஆசாரி பார்த்தார். தடுக்கவில்லை. இப்ராஹீமின் தலையைத் தண்ணீருக்கு மேல் பிடித்துக்கொண்டு, "மூச்சு விடு தம்பி, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போயிற்று. திருடர்களுக்குக் கூண்டைத் திறந்து கொடுத்தவர் ஆசாரிதான் என்று கபீர் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கே உடைக்கலாம் என்று முன்கூட்டியே இடம் விட்டுச் செய்திருக்கிறார், கூட்டுச் சதி என்று புகார். தோளில் தையலோடு ஆசாரி நாலு நாள் லாக்கப்பில் கிடந்தார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எடுக்கப் போன இன்ஸ்பெக்டரிடம் இப்ராஹீம் குப்புறப் படுத்தபடியே நடந்ததைச் சொன்னான். வழிமறித்துத் தாக்கியதைச் சிவமணியும் உடைந்த தாடையோடு தலையசைத்து ஆமோதித்தான். அவரை விட்டுவிட்டார்கள்.

பட்டறைக்குத் திரும்பியபோது வாசலில் அந்த வண்டி நின்றது. பக்கத்தில் கபீர்.

"நடந்தது நடந்துபோச்சு, ஆசாரி. கோபத்துல எழுதிட்டேன்" என்றார். "அச்சுக்கு ஒண்ணும் ஆகல. புது பேட்டரி கப்பல்ல வருது. கீல் சட்டத்துலயும் இரும்பு அடிச்சிடுங்க, அந்த ஒரு சாண் இடமும் இருக்கக் கூடாது."

"உள்தாழ்?"

"அதான் வேணாம்னு சொன்னேனே."

ஆசாரிக்குக் கண் இருண்டது. கபீரின் சட்டையைப் பிடித்து இழுத்து, அந்தக் கூண்டின் இரும்புத் தகட்டிலேயே அவர் முகத்தை மோதினார். மூக்கு உடைந்தது. விடவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் வந்து பிரிப்பதற்குள் கபீரின் முன்பற்கள் மூன்று போயிருந்தன. "உள்ள போ! நீ உள்ள போய்ப் பாரு!" என்று ஆசாரி கத்தியதைத் தெருவே கேட்டது.

இரண்டு மாதச் சிறை. கோர்ட்டில் அவர் எதையும் மறுக்கவில்லை.

வெளியே வந்த அன்று காலை சிறை வாசலில் இப்ராஹீம் நின்றுகொண்டிருந்தான். ஒரு கண்ணைத் துணியால் கட்டியிருந்தான். முதுகு விறைத்து, மரப்பலகை வைத்துக் கட்டியதுபோல் நின்றான். அழகப்பனுக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவர எனக்காகவா அடிச்சீங்க, அண்ணே?"

"உனக்காகன்னு சொன்னா பொய். அந்தக் கதவ மாட்டினது என் கை. அன்னிக்கு முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

இப்ராஹீம் கையை ஓங்கி அவர் கன்னத்தில் அறைந்தான். மூன்று விரல் கை. ஆசாரி தள்ளாடி, சிறைச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாயில் இரத்தம் கரித்தது. திருப்பி அடிக்க அவர் கை எழவில்லை.

இப்ராஹீம் குனிய முடியாமல் குனிந்து, கீழே விழுந்த அவருடைய துணி மூட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"சாப்பிட்டீங்களா?" என்றான்.

"இல்ல."

"வாங்க."

இருவரும் சாலையைக் கடந்தார்கள்.