குளியலறைக் கூரையில் நாலு வட்டம்

திங்கட்கிழமை அருள்மொழி வேலையில் சேர வேண்டும். கொல்லிமலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். புருஷன் வீட்டிலிருந்து வண்டியில் பத்தே நிமிஷம். ஆனாலும் நர்ஸ் குவார்ட்டர்ஸில்தான் தங்குவேன் என்று சொல்லிவிட்டாள். அங்கே ஆண்களுக்கு அனுமதி இல்லை. கல்யாணமாகி மூன்றே மாதமான சதீஷ்குமாருக்கு எப்படி இருந்திருக்கும்!

காரணம், குளியலறை. வீட்டுக்குப் பின்னால், மினுக்கட்டாம்பூச்சி மாதிரி மினுங்குகிற ஒரு பல்பு. கல்யாணமாகி வந்த மறுநாள் காலை, கொடிக்கயிற்றைப் பாம்பென்று நினைத்து அருள்மொழி போட்ட கூச்சல் திண்ணனூர் நாட்டு ஊர்கள் அத்தனைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள்.

சதீஷ்குமார் வீட்டுக்குள்ளேயே புதுக் குளியலறை கட்டினான். டைல்ஸ் ஒட்டி, ஓட்டுக் கூரைக்கு அடியில் சிமெண்ட் போர்டில் சீலிங்கும் அடித்தாயிற்று. அதில் பதிக்கிற விளக்குதான் பாக்கி. அதை வாங்க சேந்தமங்கலம் போனபோது, அப்பா குழந்தைசாமியும் கூடவே கிளம்பினார்.

கடைக்காரர் வட்ட விளக்குகளை வரிசையாக எரியவிட்டார்.

"ஏனுங்க, இது நல்லா சூடாகுங்களா?" என்றார் குழந்தைசாமி.

"சூடா? நாள் பூரா எரிஞ்சாலும் கை வெச்சுப் பாக்கலாமுங்க. எல்.இ.டி.!"

குழந்தைசாமியின் முகம் வாடிவிட்டது. "சூடாகற ரகம் ஒண்ணும் இல்லீங்களா?"

"அப்பா, ஆளு குளிக்கவா, கோழிக்குஞ்சு பொரிக்கவா?"

நீராவி உள்ளே புகாத ரகமாக, கண்ணை உறுத்தாத இளமஞ்சளில் நான்கு விளக்குகளைச் சதீஷ்குமார் தேர்ந்தெடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீசியன் முரளி வந்தான். வயர் இழுத்துப் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. சீலிங்கில் பென்சிலால் நாலு வட்டம் போட்டான். ஸ்டூலில் ஏறி, முதல் வட்டத்தில் துளை போடும் மெஷினை வைத்து அழுத்தினான்.

வெட்டிய வட்டம் விழுந்தது. பின்னாலேயே படபடவென்று மிளகு கொட்டியது.

தலை, சட்டை, வாளி, புது டைல்ஸ் எல்லாம் மிளகு. முரளி ஓட்டையை உள்ளங்கையால் பொத்தினான். ஒரு விரலை அசைத்தாலும் சரசரவென்று இறங்கியது.

"உடாத சாமி! அப்படியே புடிச்சுக்கோ!" என்று ஓடிவந்தார் குழந்தைசாமி.

"அச்ச்! என்னங்க இது... அச்ச்!"

"ரெண்டு மூட்டைதான். பனியில வாசல்ல காய மாட்டேங்குது. மேல அவ்வளவு எடம் சும்மாத்தான கெடக்குது? வெளிச்சம் கீழ வரட்டும், சூடு மேல போவட்டும். மருமகளுக்கும் ஆச்சு, மொளகுக்கும் ஆச்சுல்ல?"

அவருக்குக் கூரைக்கு அடியில் பலகை எதுவானாலும் அது பரண். குளியலறைக்கு மேலே என்பதற்காக அது வேறொன்றாகிவிடுமா?

அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அருள்மொழி அந்த நேரம் பார்த்து வாசற்படியில் நின்றாள். மாமியார் பொன்னம்மாள் நடந்ததைச் சொன்னாள். அருள்மொழி அண்ணாந்து முரளியைப் பார்த்தாள், அப்புறம் மாமனாரை.

"மாமா, மிளகு மேல இருந்தா நான் குவார்ட்டர்ஸ்ல இருந்துக்கறேன். அது கீழ வந்தா நான் இங்க இருக்கறேன். நீங்களே சொல்லுங்க."

குழந்தைசாமி யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். சதீஷ்குமாருக்கு வியர்த்துவிட்டது.

"அப்பா! இதுல என்ன யோசனை?"

"பனி எப்ப உடுமோன்னு..."

"மருமக ஊட்டுக்கு வாரேங்கறா, நீங்க பனியப் பாக்கறீங்களா? ஏறுங்க மேல!" என்றாள் பொன்னம்மாள்.

குழந்தைசாமி சமையலறைப் பக்கம் ஓட்டுக்கு அடியில் இருந்த சந்து வழியாக ஏறி, முறம் முறமாக வாரினார். ஒரு மணி நேரம் முரளி ஸ்டூலிலேயே நின்றான். சதீஷ்குமார்தான் டம்ளரைப் பிடித்து அவனுக்கு டீ புகட்டினான்.

நாலு மணிக்கு நாலு விளக்கும் எரிந்தன. அருள்மொழி உள்ளே போய்த் தாழ் போட்டாள். வெளியே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒரு தும்மல். இன்னொன்று. மூன்றாவது தும்மலில் சதீஷ்குமார் நம்பிக்கை இழந்தான்.

கதவு திறந்தது.

"ஒரு மூலைகூட இருட்டு இல்லீங்க மாமா. ஊசி விழுந்தாலும் தெரியும்" என்றாள் மூக்கைத் துடைத்தபடி. "நான் குவார்ட்டர்ஸ் வேண்டாம்னு சொல்லிடறேன். ஆமா, மிளகெல்லாம் எங்க போட்டீங்க?"

குழந்தைசாமி பெருமையாக மகனின் அறைக் கதவைத் தள்ளினார். புதுக் கட்டில் முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம் வரை, மிளகு. மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"மூணே நாளுல காஞ்சிரும் கண்ணு."

அருள்மொழி கட்டிலைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்த ஊட்டுல பாய் எங்க இருக்குது?"

அவள் மனசு மாறுவதற்குள் பாயைத் தேடிச் சதீஷ்குமார் ஓடினான்.