ஜன்னலோர இடம்

"அப்பா சொன்னதத்தானே நானும் சொன்னேன்" என்றாள் ஜாஸ்மி.

ஓங்கிய கையை பிளஸ்ஸி இறக்கிக்கொண்டாள். மேசையில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் ஆறிக்கொண்டிருந்தன. எதிரே அவள் கணவன் பெர்லின் மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சிரித்தான்.

"பிள்ளைய எதுக்குட்டி அடிக்கப் போற? கீரிப்பாறை பஸ் வந்தா, ஒட்டுப்பால் வண்டி வந்தாச்சுன்னு சொல்லுவேன். ஊர்ல எல்லாரும் சொல்லுததுதான், கேட்டியா."

மலையடிவாரத்துப் பள்ளியில் பிளஸ்ஸி இரண்டாம் வகுப்பு டீச்சர். மகள் ஜாஸ்மியும் அதே வகுப்பில்தான் படித்தாள். அன்று சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததிலிருந்து ஜாஸ்மிக்கு ஒரே சந்தோஷம். "நந்தனாவ பின்னால மாத்தியாச்சு. இப்ப ஒட்டுப்பால் நாத்தம் இல்ல" என்று சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னாள். அப்போதுதான் பிளஸ்ஸியின் கை ஓங்கியது.

நந்தனாவைப் பின்னால் மாற்றியது பிளஸ்ஸிதான்.

நந்தனாவின் அம்மா பூங்கனி கீரிப்பாறை அரசுத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். மரத்தின் வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலைப் பிய்த்துச் சேர்ப்பதுதான் ஒட்டுப்பால். அதன் நாற்றம் துணியில் ஏறிவிட்டால் எந்த சோப்புக்கும் எளிதில் போகாது. நந்தனா வகுப்புக்குள் நுழையும்போது பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

இதை நிறுத்தத்தான் பிளஸ்ஸி போன மாதம் ஒரு பாடம் நடத்தினாள். "யாராவது கேலி பண்ணினா அழாண்டாம், அடிக்காண்டாம். முகத்தப் பாத்து, 'இப்படிச் சொல்லாத, எனக்குப் பிடிக்கல்ல'ன்னு சத்தமாச் சொல்லணும். சொல்லிட்டு தள்ளி வந்துரணும். அப்பவும் நிறுத்தலன்னா டீச்சர்கிட்ட வந்து சொல்லணும்." பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிறுத்தி நடித்துக் காட்டச் சொன்னாள். நந்தனாவின் குரல்தான் எல்லாரையும்விடக் கணீரென்று கேட்டது. வகுப்பே கைதட்டியது.

அடுத்த வாரம் நந்தனா வந்து நின்றாள்.

"டீச்சர், நான் முகத்தப் பாத்துச் சொன்னேன். தள்ளியும் வந்துட்டேன். அப்பவும் சொல்லுதா."

"யாரு மக்களே?"

"ஜாஸ்மி."

பக்கத்து வகுப்பு டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிளஸ்ஸி குரலைத் தாழ்த்தினாள். "வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பா. நீ கண்டுக்காத."

நந்தனா விடவில்லை. கற்றுக்கொடுத்தபடி மறுபடியும் வந்தாள், அதற்குப் பிறகும் வந்தாள். கடைசியில் அன்று காலை பிளஸ்ஸி அவளுடைய பையை எடுத்துக் கடைசி பெஞ்சில், ஜன்னலோரத்தில் வைத்தாள். "இங்க நல்ல காத்து வரும் மக்களே."

"நான்தான் மாறணுமா டீச்சர்?"

பிளஸ்ஸி கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கனவே அழித்திருந்த இடத்தையே மீண்டும் அழித்தாள்.

இப்போது அவள் பெர்லினைப் பார்த்துக் கேட்டாள். "உங்க அப்பா ஷெட்டுலயும் ஒட்டுப்பால்தான் மூட்டை மூட்டையா கெடக்கு. இந்த வீட்டுக்கு வந்த புதுசுல எனக்குத் தலைசுத்தல் வந்துச்சு. மாமாவ யாராவது அப்படிச் சொல்லுவாவளா?"

"அது நம்ம தோட்டம்ட்டி."

"அப்போ நாத்தம் பாலுக்கில்ல."

பெர்லின் சிரிப்பை நிறுத்தினான். "அவங்க சிலோன்லேருந்து வந்த கூட்டம். என்ன ஆளுன்னு உனக்குத் தெரியாதா?" என்று தணிந்த குரலில் சொன்னான். பிள்ளைக்குக் கேட்கக்கூடாதென்று நினைத்திருப்பான். ஜாஸ்மி கிழங்கைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிலோன் தேயிலை மலையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பூங்கனியின் தாத்தா தலைமுறை. பூங்கனி பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில். நந்தனா பிறந்ததும் அங்கேதான். ஆனாலும் அடிவாரத்தில் வாடகைக்கு வீடு கேட்டால் முதலில் தோட்டத்தில் எந்த லைன் வீடு என்று கேட்பார்கள். பிறகு என்ன ஆள் என்று சாதியைக் கேட்பார்கள். அதன் பிறகு வீடு காலியில்லை என்பார்கள்.

இந்தப் பேச்சு பிளஸ்ஸிக்குப் புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து இதே மேசையில் கேட்டிருக்கிறாள். கேட்டபடியே கறி பரிமாறியிருக்கிறாள். அன்று அவளுக்குக் கிழங்கு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். பெர்லின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். வேலை முடிந்து குளித்து, தலைமுடி ஈரம் காயாமல் வந்த பூங்கனி, நாற்காலிகள் காலியாக இருந்தும் வாசலோரத்தில் நின்றுகொண்டாள். கேலியைப் பற்றி பிளஸ்ஸி டீச்சர் நடத்திய பாடத்தை ஹெச்.எம். புகழ்ந்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

பிளஸ்ஸி எழுந்தாள்.

"அந்தப் பாடத்த ஒரு பிள்ளதான் சரியாப் படிச்சா. நந்தனா. கேலி பண்ணினது எனக்க மக. அந்தப் பேரு எங்க வீட்டுலேருந்து வந்தது. நந்தனா எங்கிட்ட வந்து சொன்னா. நான் எனக்க பிள்ளைய ஒண்ணும் சொல்லாம, அவளத் தூக்கி பின்னால போட்டேன்."

"பிளஸ்ஸி, இரு" என்றான் பெர்லின்.

"டீச்சர், இத நாம தனியாப் பேசலாமே" என்றார் ஹெச்.எம்.

"மாத்தினது தனியா இல்லியே. எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னால வச்சுதானே மாத்தினேன்."

பெர்லின் எழுந்து ஜாஸ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். வாசலில் நின்ற பூங்கனியை ஜாஸ்மி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சின்னப் பிள்ளைகள் சண்டைக்கு இவ்வளவு வேண்டுமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். கூட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு பிளஸ்ஸி பூங்கனியிடம் வந்தாள். "பூங்கனி, நீங்க..." என்றாள். இதுவரை அவளை 'நீ' என்றே கூப்பிட்டு வந்தவள். "நீங்க என்னை மன்னிக்கணும்."

பூங்கனி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "எங்கிட்ட எதுக்கு டீச்சர்? எங்கிட்டயும்தான் அழுதுட்டு வந்து சொன்னா. நானும் கண்டுக்காதன்னுதான் சொன்னேன். எங்கம்மா எனக்குச் சொன்னதும் அதுதான்." வகுப்பறைப் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு, "நீங்க அவகிட்டயே கேளுங்க" என்றாள்.

நந்தனா வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிளஸ்ஸி அவள் பக்கத்தில் தரையில் முட்டுக்குத்தி உட்கார்ந்தாள்.

"டீச்சர் செஞ்சது தப்பு மக்களே. திங்கக்கிழமை பழைய எடத்துக்கு வந்துரியா?"

நந்தனா முன்பெஞ்சைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் முகத்தை, முகத்தைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளையாக, நேராகப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன் டீச்சர்."

கேட்டவுடன் பிள்ளை தலையாட்டிவிடும், தன் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிவிடும் என்று தான் எதிர்பார்த்திருந்தது பிளஸ்ஸிக்கு அப்போதுதான் தெரிந்தது. சாலையில் கீரிப்பாறை பஸ் ஹாரன் அடித்தது. நந்தனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற அம்மாவின் கையைப் பிடித்து, அவசரமில்லாமல் படியிறங்கிப் போனாள்.